பல கண் காவல்

பெரும்போக உழவு தொடங்கி கல்முனைப் பக்கத்துக் கரவாகு வயல்வட்டையில் மெஷின் இறங்கினால் போதும், எங்கிருந்தோ கொக்குகள் வந்து சேர்ந்துவிடும். புரண்ட சேற்றில் அவை இரை பொறுக்கும் வேகத்தைப் பார்த்தால் பயமே இல்லையோ என்று தோன்றும். வரம்பில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்று குனியும்போது பக்கத்தில் இன்னொன்றின் கழுத்து நிமிர்ந்திருக்கும். அது குனிய, வேறொன்று நிமிரும். தனித்து மேயும் பறவைக்கு இந்தச் சலுகை கிடையாது. கொத்துவதும் அதுதான், காவலும் அதுதான்.

கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொரு பறவையும் குறைவாகப் பார்த்தாலே போதும், ஆபத்து கண்ணுக்குத் தப்பாது என்று 1973இல் ரொனால்ட் புல்லியம் கணக்குப் போட்டுக் காட்டினார். 1978இல் ரொபர்ட் கென்வார்ட், பழக்கிய வல்லூறைக் காட்டுப் புறாக்கள் மீது ஏவினார். தனிப்புறா பெரும்பாலும் மாட்டிக்கொண்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட கூட்டத்திலோ பத்துக்கு ஒருமுறைகூட வேட்டை பலிக்கவில்லை. வல்லூறு தூரத்தில் வரும்போதே கூட்டம் எழுந்துவிட்டது.

நம் வளவுப் புலுனிகள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஏழெட்டுப் பேர் சருகைக் கிளற, ஒன்று முருங்கைக் கொப்பில் காவல் இருக்கும். பூனையின் வால் தெரிந்தால் போதும், வளவே அதிரும்! சிங்கராஜக் காட்டில் சாதி விட்டுச் சாதியும் காவலை நம்புகின்றன. கரிச்சானும் சிலம்பனும் கலந்து திரியும் அந்தக் கூட்டங்களின் எச்சரிக்கைக் குரல்களை ஈபன் குடேல், சரத் கொட்டகம இருவரும் ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். வேட்டைப் பறவையை உணர்வதில் கரிச்சானே கூர்மையானது.

கூட்டத்தில் இரைக்குப் போட்டி, அதனால்தான் தலைநிமிர நேரமில்லை என்பாரும் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை வேறு. கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் கிழக்கே கடல், மேற்கே வட்டை. சனம் பெருகுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் குடியிருக்கவும் பயம். எனவே கிரவல் லோட் லோடாக வயலுக்குள் இறங்குகிறது. வீடு வேண்டாமென்று யார் சொல்வது? ஆனால் நடுவட்டையில் இங்கொரு துண்டு, அங்கொரு துண்டு நிரப்பினால் பெருங்கூட்டம் சிறு சிறு கூட்டமாய்ச் சிதறும். கண் குறையும், ஒவ்வொன்றின் காவல் வேலையும் கூடும், தீனி குறையும். தீனி குறைந்தால் குஞ்சும் குறையும். எண்ணிக்கை சிறுத்ததே மேலும் சிறுக்கக் காரணமாகும் இந்தச் சுழலை ஆய்வாளர் வார்டர் அலி 1930களிலேயே எடுத்துச் சொன்னார்.

காணி நிரப்புகிறவர்கள் ரோட்டோரத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும், நடுவட்டையை விட்டுவிடட்டும். மாரி வெள்ளம் வடிவதும் அந்த வழியால்தான்.