கோப்பைத் திறக்குமுன்: ‘சி’ மொழி பயிலும் நம் பிள்ளைகளுக்கு

தண்டவாளமே இல்லாத இத்தீவுகளிலிருந்து, சென்னையில் புறப்படும் புகைவண்டிக்கு நாம் இடம் பதிவு செய்கின்றோம். பேரேடுகள் இன்று கணிப்பொறிக்குள் கோப்புகளாகிவிட்டன. அவற்றைக் கையாளப் பயிலும் நம் பிள்ளைகள் பலர், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி வகுத்த ‘சி’ மொழியில் முதலடி வைக்கின்றனர். கோப்பைப் படித்து எழுதும் பாடத்தில் மனந்தளர்ந்து நிற்போர் உளர். அவர்பொருட்டே இதனை எழுதுகின்றோம்.

சந்தா செலுத்திய நாற்பது குடும்பங்களின் பெயர் ஒரு கோப்பில் உள்ளதெனக் கொள்வோம். அவற்றைப் படித்துக் காட்டி, புதிய பெயரொன்றைச் சேர்ப்பதே நிரலின் வேலை. தொகுப்பான் குறையேதும் சொல்லவில்லை. ஆயினும் விளைவு தவறுகிறது. இலக்கணப் பிழையையே தொகுப்பான் காட்டும். கருத்துப் பிழையை நாமே தேடவேண்டும்.

முதலாவது, கோப்பு திறந்ததா என்று காண்க. திறக்க இயலாவிடில் ‘எஃப்ஓப்பன்’ கட்டளை ‘நல்’ என்னும் வெறுமையைத் தரும். அதைச் சோதியாது படிக்கப் புகுந்தால் நிரல் முறியும். கோப்பு வேறிடத்தில் இருக்கலாம். பெயரில் ஓரெழுத்து மாறியிருக்கலாம். ‘பிஎரர்’ கட்டளை காரணத்தைத் திரையில் காட்டும்.

இரண்டாவதே கொடியது. ‘டபிள்யூ’ முறையில் திறந்தால், ஓரெழுத்தும் எழுதுமுன்னரே பழையன முழுதும் அழியும். நாற்பது பெயரும் மறைந்து புதியது ஒன்றே எஞ்சும். ஈற்றில் சேர்த்தெழுத ‘ஏ’ முறையும், படிக்க ‘ஆர்’ முறையும் உரியன.

மூன்றாவது, கடைசிப் பெயர் இருமுறை தோன்றுதல். ‘எஃப்ஈஓஎஃப்’ முடிவை முன்னதாக அறிவிப்பதன்று; படிக்க முயன்று தோற்ற பின்னரே ‘ஆம்’ என்னும். அதையே மடக்கின் நிபந்தனையாக்கினால், தோற்ற வாசிப்பிற்குப் பின்னும் பழைய பெயரே மீண்டும் அச்சாகும். ‘எஃப்கெட்ஸ்’ ஒரு வரியைத் தந்ததா என்று சோதிப்பதே நேர்வழி.

நான்காவது, மூடாமை. எழுதியவை முதலில் நினைவகத்தின் இடைத்தாங்கியில் தங்கும். ‘எஃப்குளோஸ்’ இட்டு மூடுமுன் நிரல் முறிந்தால், அவை கோப்பை அடையாமற் போகலாம்.

ஆகவே, கோப்பின் படியொன்றை எடுத்து, மூன்றே பெயர்களை வைத்துச் சோதியுங்கள். ஒவ்வொரு படியிலும் ‘பிரிண்ட்எஃப்’ இட்டு நடப்பதைக் காணுங்கள். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுங்கள்.

கணிப்பொறி அறியாத பெற்றோரும் இதில் உதவலாம். “ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது? எனக்குச் சொல்” என்று பிள்ளையின் அருகில் அமர்ந்து கேளுங்கள். சொல்லும்போதே பிழை வெளிப்படுவதுண்டு.