உறவும் இரவலும்: மொழிக்குடும்பத்தை அறியும் நெறி

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் தமிழோடு தெலுங்கும் மலையாளமும் ஒலித்தன. அவ்வீட்டுப் பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியில் பயின்றனர். இன்று செகிஞ்சானில் ஒரு மாணவர், "என் பாட்டி பாலைப் 'பாலு' என்கிறார், அது பிழையான தமிழா?" என்று வினவினால், ஆசிரியர் என்ன விடை கூறுவார்? அவ்விடையை முறையாகக் கூறக் கற்பித்தவர்களுள் ஒருவர் இராபர்ட்டு கால்டுவெல்.

அயர்லாந்தில் 1814-ஆம் ஆண்டு பிறந்த கால்டுவெல், சமயப் பணிக்காக 1838-இல் சென்னைக்கு வந்தார். 1841-இல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் தங்கினார். அவர் இயற்றிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை என்று ஐரோப்பிய அறிஞர் பலர் எண்ணிய காலம் அது. சென்னையில் அரசுப் பணியாற்றிய எல்லிசு, அம்மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816-இலேயே ஒரு தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையில் எடுத்துக்காட்டியிருந்தார். அக்கருத்தை விரிவான சான்றுகளோடு நிலைநாட்டியது கால்டுவெல் செய்த பணி.

இரு மொழிகளில் ஒத்த சொற்கள் காணப்பட்டால் அவை உறவுமொழிகள் ஆகிவிடுமா? ஆகா. 'கப்பல்' மலாய் மொழியில் 'காப்பால்' எனவும், 'கடை' 'கெடாய்' எனவும் வழங்குகின்றன. ஆயினும் பல கப்பல்களைக் குறிக்க மலாய்க்காரர் 'காப்பால்-காப்பால்' என்று சொல்லை இரட்டிக்கின்றனர். நம்முடைய 'கள்' விகுதியை அவர்கள் ஏற்கவில்லை. சொல் கடலைக் கடந்தது; இலக்கணம் கடக்கவில்லை. தெலுங்கிலும் மலையாளத்திலும் வடசொற்கள் மிகுதியாக இருப்பதும் இத்தகையதே. இரவல் பெற்ற சொற்களை விலக்கி, எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், உறுப்புப்பெயர், வேற்றுமையுருபு ஆகியவற்றை ஒப்பிட்டால் உறவு புலப்படும்.

அவ்வொப்புமையும் ஒழுங்குடையதாக இருத்தல் வேண்டும். தமிழில் பால், புலி, பத்து, பூ என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து, ஹூவு என வருகின்றன. தமிழில் பகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் நிற்கிறது. பழங்கன்னடத்தில் அங்கே பகரமே இருந்தது. ஒரு சொல் தற்செயலாக ஒத்திருக்கலாம். இத்தனை சொற்கள் ஒரே முறையில் மாறியிருப்பது தற்செயல் ஆகாது. தெலுங்கில் பாலு, புலி, பதி என்று பகரம் நிலைத்துள்ளது. ஆகவே பாட்டியின் 'பாலு' தமிழின் பிழையன்று. தமிழோடு உடன்பிறந்த மொழியின் நேரிய சொல்.

இதே நெறி ஆப்பிரிக்காவிலும் பயன் தந்தது. கிராப்பு என்னும் செருமானியச் சமயப் பணியாளர் 1844-இல் மொம்பாசாவை அடைந்து, சுவாகிலி மொழியின் இலக்கணத்தை 1850-இல் வெளியிட்டார். இவரைப் போன்றோர் திரட்டிய சொற்பட்டியல்களையும் இலக்கணங்களையும் துணைக்கொண்டு, பிளீக்கு என்னும் அறிஞர் 1862-இல் தென்னாப்பிரிக்க மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிடத் தொடங்கினார். 'பாண்டு' என்னும் குடும்பப்பெயரை வழக்குக்குக் கொணர்ந்தவர் அவரே. சூலு மொழியில் 'உமுண்டு' என்றால் மனிதன். 'அபாண்டு' என்றால் மனிதர்.

பாண்டு மொழிகளில் ஒருமையும் பன்மையும் சொல்லின் முன்னொட்டால் வேறுபடுகின்றன. சுவாகிலியில் 'கிட்டு' என்றால் பொருள். 'விட்டு' என்றால் பொருள்கள். பெரிய பொருளைக் 'கிட்டு கிகுப்வா' என்றும், பெரிய பொருள்களை 'விட்டு விகுப்வா' என்றும் கூறுவர். அரபுச் சொல்லாகிய 'கித்தாபு' நூலைக் குறிக்க அங்கே சென்றது. மலாய் மொழியிலும் அச்சொல் உண்டு. சுவாகிலி மக்கள் அதன் முதலெழுத்தைத் தம் முன்னொட்டாகவே கருதி, நூல்களை 'வித்தாபு' என்றனர். இரவல் சொல்லும் வந்த வீட்டின் ஒழுங்குக்கு அடங்கியது.

பெயர்களை வகுத்து அதற்கேற்பப் பிற சொற்களையும் இயையச் செய்தல் நமக்கும் புதிதன்று. தொல்காப்பியம் உயர்திணை, அஃறிணை என வகுத்தது. நல்லன், நல்லது என்பவற்றின் ஈறுகள் பாலுக்கேற்ப மாறுகின்றன. இதனால் தமிழும் பாண்டு மொழிகளும் ஒரு குடும்பம் என்று முடிவு செய்யலாகாது. அமைப்பில் ஒத்தல் வேறு. பிறப்பில் ஒத்தல் வேறு. கால்டுவெலும் இவ்விடத்தில் சறுக்கினார். திராவிட மொழிகளைச் 'சித்திய' மொழிகளோடு உறவுபடுத்த அவர் முயன்றதைப் பிற்கால அறிஞர் ஏற்றிலர். அவர் முடிவுகளை ஆராய்ந்து ஏற்பதே அவர் நெறிக்குச் செய்யும் மதிப்பு.

அறிஞர் ஒப்பிட்டவற்றுள் எழுத்து வழக்கில்லாத மொழிகளும் இருந்தன. நீலகிரியின் தொதவர், கோத்தர் பேச்சுகளையும் கால்டுவெல் தம் நூலில் சேர்த்தார். நம் தோட்டங்கள் குறைந்து, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. வீட்டுத் தெலுங்கையும் வீட்டு மலையாளத்தையும் பேசுவோர் முதியவராகிவிட்டனர். ஆசிரியர் மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒன்று முதல் பத்து வரையிலான எண்களையும், கண், கை, செவி முதலிய பெயர்களையும் பாட்டி, தாத்தா எவ்வாறு சொல்கின்றனர் என எழுதி வரச் செய்யலாம். அத்தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வகுப்பில் ஒப்பிலக்கணம் தொடங்கிவிடும். வீட்டுமொழியைக் கூற நாணிய பிள்ளையும் அன்று தலைநிமிர்ந்து சொல்லும்.