உம்மம்மாவிடம் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டு அலுமாரியில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் ஒரே உறைக்குள் இருக்கின்றன. ஒன்று பெரியம்மாவுடையது, மற்றது உம்மாவுடையது. இருவரையும் பெற்றவர் உம்மம்மாதான். ஆனால், தந்தையின் இனம் என்ற இடத்தில் பெரியம்மாவுக்கு ‘இந்தியத் தமிழர்’ என்றும் உம்மாவுக்கு ‘இலங்கைச் சோனகர்’ என்றும் எழுதப்பட்டுள்ளது.

உம்மம்மா பசறைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். முதற் கல்யாணத்தைப் பெரியவர்களே பேசி முடித்தார்கள். அதே தோட்டம், அதே சாதி. கணவர் இறந்த பின்னர், தோட்டத்துக்குப் புடவை விற்க வந்த பதுளைச் சோனகர் ஒருவரை இஸ்லாத்தைத் தழுவி மணந்தார். அவரே என் பாட்டனார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், இருவரும் முஸ்லிம்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். ஒருவர் முஸ்லிமல்லாதவராயின் 1907ஆம் ஆண்டின் பொதுவான விவாகக் கட்டளைச் சட்டமே வழி. உம்மம்மா முஸ்லிமானதால் முதலாவது சட்டத்தின்கீழ் பதிவு நடந்தது. ஆனால் மதம் மாறினாலும் இனம் மாறவில்லை. இஸ்லாம் மதம், சோனகர், மலாயர் என்பன இனங்கள். உம்மாவின் சான்றிதழில் தாயின் இனம் ‘இந்தியத் தமிழர்’ என்றே இருக்கிறது. அந்தப் பிரிவும் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் தனியாக எழுதப்பட்டது.

மார்க்கத்திலும் முதல் மணத்துக்கும் மறுமணத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். முன்பு மணமானவளோ வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். குறைஷிக் குலத்தவரான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) விவாகரத்தான பின்னர், விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமாவை மணக்குமாறு நபிகளார் (ஸல்) ஆலோசனை கூறினார்கள். முதலில் தயங்கிய அவர், பின்னர் சம்மதித்து மகிழ்ச்சியாக வாழ்ந்தார்.

சென்ற மாதம் ராத்தாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், உம்மம்மா தோட்டத்தவர் என்றறிந்ததும் பதில் அனுப்பவில்லை. உம்மா அழுதார். உம்மம்மாவோ ராத்தாவைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்:

“மொத கல்யாணத்துல எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல. ரெண்டாவதுலதான் கேட்டாங்க. ஒனக்கு மொதல்லயே கேக்கணும்.”

அன்றிரவு வாப்பா ராத்தாவிடம், “உனக்கு எப்படிப்பட்டவர் வேணும் மகள்?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தது அதுதான் முதற்தடவை.