அணைந்த எரிமலைகள் – 9: கல் உடைத்தவர்கள் விட்டுவைத்த பாறை

எடின்பரோ நகரத்து ஹோலிரூட் பூங்காவுக்குச் சென்ற வாரமே வந்து சேர்ந்துவிட்டோம். 34 கோடி ஆண்டுகளுக்கு முன் கனன்ற எரிமலையின் மிச்சமே ஆர்தர் சீட் என்ற 251 மீட்டர் குன்று என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். சாம்சனின் விலா எனப்படும் பாறைத் தூண்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தப் பூங்காவில் தனித்து நிற்கும் ஒற்றைப் பாறை ஒன்றைச் சொல்லாமல் தூண்களுக்குப் போக மனம் வரவில்லை. எரிமலைப் பூங்காக்களில் நாம் உண்மையில் எதைக் காக்கிறோம் என்ற கேள்விக்கு அந்தப் பாறையிடம் பதில் இருக்கிறது.

பூங்காவின் மேற்கே, நகரைப் பார்த்தபடி, சாலிஸ்பரி கிராக்ஸ் என்ற செங்குத்துப் பாறைச் சுவர் நீண்டு கிடக்கிறது. பூங்காவைக் காக்கும் பொறுப்பைப் பரம்பரையாகப் பெற்றிருந்த ஹாடிங்டன் பிரபுக்களே அதில் கல் உடைத்து விற்றார்கள். நிலவியலின் முன்னோடி ஜேம்ஸ் ஹட்டனின் வீடு இந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பாறைகள் ஆதிக் கடலில் படிந்து உருவானவை என்று அறிஞர் பலர் நம்பிய 18-ஆம் நூற்றாண்டு அது. குவாரி வெட்டிய முகத்தில் ஹட்டன் கண்டது வேறு. கருமையான டாலரைட் பாறை, தனக்குக் கீழே கிடந்த மணற்பாறை அடுக்கின் ஒரு துண்டை நெம்பி, சாய்த்து, தனக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. மேலிருந்து மெல்லப் படிந்த எதுவும் அடியிலிருப்பதை இப்படிப் பெயர்க்க முடியாது. மணற்பாறையைத் தொடும் இடத்தில் டாலரைட்டின் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையானவை. உள்ளே போகப் போகப் பருக்கின்றன. குளிர்ந்த பாறையைத் தொட்ட கொதிகுழம்பு சட்டென்று உறைந்திருக்கிறது. ஆக, அது பூமிக்கு அடியிலிருந்து அடுக்குகளுக்கு இடையே புகுந்த நெருப்பு. இதே சுவரில் இரும்புத் தாது நரம்பாக ஓடும் ஒரு பாறையை மட்டும் உடைக்காமல் விடும்படி ஹட்டன் தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டதாகச் சொல்கிறார்கள். சுற்றியிருந்த கல்லெல்லாம் போய்விட்டது, அது நிற்கிறது. அழகுக்காகவோ புனிதத்துக்காகவோ அல்லாமல், சான்று என்பதற்காகவே ஒரு பாறை காப்பாற்றப்பட்ட மிகப் பழைய நிகழ்வுகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

சான்றுதான் முக்கியம் என்றால் மாதிரிகளை அருங்காட்சியகத்தில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கையளவு டாலரைட்டும் கையளவு மணற்பாறையும் தனித்தனியே எதையும் நிரூபிக்காது. எது எதைத் துளைத்தது என்பது அவை ஒட்டியிருக்கும் இடத்தில்தான் தெரியும். நேரில் நின்றவரும் தவறியதுண்டே என்றால், அதுவும் மெய்தான். 1820-களில் பேராசிரியர் ராபர்ட் ஜேம்சன் மாணவர்களை இதே பாறைச் சுவருக்கு அழைத்து வந்து, அங்கிருந்த எரிமலைப் பாறைப் பிளவு மேலிருந்து வண்டல் நிரம்பி உண்டானது என்று பாடம் நடத்தினார். பல்கலைக்கழக அருங்காட்சியகமே அவர் பொறுப்பில்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். நிலவியல் பக்கமே இனி போவதில்லை என்று அப்போது முடிவெடுத்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில் பீகிள் கப்பலில் போனபோது அவரே தீவு தீவாக எரிமலைப் பாறைகளை ஆராய்ந்தார் என்பது வேறு கதை. ஆசிரியர் தவறினாலும் பாறை அங்கேயே இருந்ததால் அடுத்து வந்தவர்கள் சரிபார்க்க முடிந்தது. அது சரளைக்கல்லாகிப் போயிருந்தால் ஹட்டன் சொல்லுக்கு எதிராக ஜேம்சன் சொல் என்றே வழக்கு நின்றிருக்கும்.

அப்படியானால், இந்த முகத்தைத் திறந்து காட்டிய குவாரியைப் போற்ற வேண்டாமா? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வெட்டாமல் விட்டிருந்தால் ஹட்டன் அந்த அடுக்குகளை அவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் குவாரி எந்த முகத்திலும் நிற்பதில்லை. இன்று காட்டியதை நாளை உடைத்து வண்டியேற்றும். அதை நிறுத்த நகரமக்கள் வழக்காட வேண்டியிருந்தது. பிரபுக்கள் சபை 1831-ல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தபோது ஹட்டன் இறந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிதக் கை படாத இடம் மட்டுமே காக்கத் தக்கது என்பவர்கள் இந்த வெட்டுமுகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய சிக்கல் பாறைச் சரிவு. சுவரடியில் செல்லும் ராடிக்கல் ரோடு பாதை 2018-ல் பாறை விழுந்தபின் மூடப்பட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மூடத்தான் வேண்டும். ஆனால் யாரும் நெருங்க முடியாத சான்று பாதி சான்றே. மேற்பார்வையோடு, சிறு குழுக்களாகவேனும் ஹட்டன் பார்த்த முகத்துக்கு மாணவர்கள் போய்வர வழி வேண்டும். சாம்சனின் விலாத் தூண்கள் ஏன் பக்கம் பிரிந்து நிற்கின்றன என்பதற்கும் குழம்பு குளிர்ந்த விதமே காரணம். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.