உஷார்! இறந்தவரின் போன் நம்பரை அநாதையாக விடாதீர்கள்

உங்கள் வீட்டில் அண்மையில் ஒரு மரணம் நடந்திருந்தால், இந்தக் கட்டுரையைக்கூட அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் எழுந்து போய் இறந்தவரின் செல்போன் எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள். சார்ஜ் போடுங்கள். சிம் வேலை செய்கிறதா, ரீசார்ஜ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். அந்த போனைக் கடையில் கொடுத்து 'லாக்' எடுக்கச் சொல்லாதீர்கள். பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் போடவே போடாதீர்கள்.

ஏன் இப்படிப் பதறுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

என் மனைவி தஞ்சை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தாள். ஊருக்கே அவள் 'கணக்கு டீச்சர்'. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்று ஆண்டுக்கணக்கில் ஓடியது. இடது கையில் ஊசி ஏறியிருக்கும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்ஆப்பில் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். கொரோனாவில் 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது தொடங்கிய பழக்கம். பள்ளி திறந்த பிறகும் விடவில்லை, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. நடவுக்கும் களை எடுக்கவும் போகிற தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள். டியூஷனுக்குக் காசு கட்ட வழியில்லை. ராத்திரி அம்மா வீடு திரும்பிய பிறகுதான் போன் கைக்குக் கிடைக்கும். அதற்குத் தோதாக, திரும்பத் திரும்பக் கேட்கும்படி சின்னச் சின்ன வாய்ஸ் மெசேஜாகப் போடுவாள்.

"பயப்படாதீங்க கண்ணுகளா. செய்முறை வடிவியல் எட்டு மார்க், வரைபடம் எட்டு மார்க். பென்சிலை நல்லா சீவிக்கிட்டு அந்த ரெண்டையும் முதல்ல போட்டுடுங்க. பதினாறு மார்க் கைக்கு வந்தாச்சு. முப்பத்தஞ்சுக்கு இன்னும் பத்தொன்பதுதான் வேணும். அதை நான் வாங்க வச்சுடறேன்."

பின்னால் டயாலிசிஸ் இயந்திரம் பீப் பீப் என்று கத்துவது கேட்கும். இடையில் நர்ஸ் வந்து பிரஷர் பார்ப்பது கேட்கும். "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, வட்டத்துக்கு வெளியே இருக்கிற புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடு வரையும் முறையை முடித்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள். 35 மார்க்கைத் தாண்ட மாட்டார்கள் என்று பள்ளியே கைவிட்ட பிள்ளைகளை அவள் தாண்ட வைத்திருக்கிறாள். அந்தப் பாடங்கள், பிள்ளைகள் கேட்ட சந்தேகங்கள், அவள் சொன்ன பதில்கள், திட்டு, சிரிப்பு எல்லாமே அந்த ஒரு போனுக்குள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

அவள் போனதும் பழைய மாணவர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். பெரிய படம், பெயர், 'ஓய்வு பெற்ற கணித ஆசிரியை' என்ற வரி, கீழே தொடர்புக்கு என் நம்பர். பாசத்தில் செய்தார்கள். அந்தப் போஸ்டரின் படம் எத்தனை வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றியதோ தெரியாது. காரியம்கூட முடியவில்லை, ஒருவன் கூப்பிட்டான்.

"சார் வணக்கம், கருவூலத்துலேருந்து பேசறோம். டீச்சர் தவறிட்டாங்கன்னு தகவல் வந்துச்சு, ரொம்ப வருத்தம் சார். அவங்க பென்ஷனை நிறுத்தி, உங்க பேருக்குக் குடும்ப ஓய்வூதியம் போடணும். டீச்சர் நம்பருக்கு ஓர் ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

குரலில் அவ்வளவு பணிவு. அவள் போன் பூஜை அறையில் படத்துக்கு அருகில் இருந்தது. அதில் நிஜமாகவே ஓர் ஓடிபி வந்து நின்றது. என் மகள் போனை வாங்கி, "டிரெஷரிக்கு நாங்களே நேர்ல வர்றோம், உங்க பேர், எந்தப் பிரிவுன்னு சொல்லுங்க" என்றாள். துண்டித்துவிட்டான். அந்த எண்ணில் மறுபடி யாரும் எடுக்கவில்லை.

குடும்ப ஓய்வூதியத்துக்கு இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் பார்ப்பார்கள், பதிவு செய்வார்கள். போனில் ஓடிபி கேட்டு எந்தக் கருவூலமும் ஓய்வூதியம் போடுவதில்லை. சான்றிதழுக்கு இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் கட்டணம் கிடையாது. 'பென்ஷன் ஆப்' என்று ஏபிகே கோப்பு ஒன்றை வாட்ஸ்ஆப்பில் எவனாவது அனுப்பினால் தொடவே தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்கள் போனுக்கு வருகிற எஸ்எம்எஸ் எல்லாம் அவன் கைக்குப் போகும்.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. அவளிடம் படித்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் மகளைக் கூப்பிட்டான். "அக்கா, டீச்சருக்கு அவசர ஆபரேஷனாமே? கையில பணம் இல்லன்னு மெசேஜ் போட்டிருக்காங்க. எந்த ஆஸ்பத்திரிக்கா?" அப்போது அவள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் முகத்தை டிபி-யாக வைத்து, அவள் பெயரில் யாரோ ஒருவன், அவள் வளர்த்த பிள்ளைகளிடமே பிச்சை எடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நீண்ட நாள் உடம்பு முடியாதது ஊரறிந்த செய்தி, அதனால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். பணம் அனுப்புவதற்கு முன் ஒரு போன் போட்டதால் அந்தப் பையன் தப்பித்தான். போன் போடாமல் அனுப்பியவர்கள் இருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருக்கலாம். சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் வழியிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம்.

இப்போது நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். பலருக்குத் தெரியாத ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ப்ரீபெய்ட் எண்ணில் தொடர்ந்து 90 நாள் எந்த அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் டேட்டாவும் இல்லாவிட்டால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு நீட்டிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி சொல்கிறது; ஆனால் இறந்தவரின் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் புது ஆளின் கைக்கு இறந்தவரின் வங்கி ஓடிபியும், கேஸ் சிலிண்டர் எஸ்எம்எஸ்ஸும், ஆதார் ஓடிபியும் போகத் தொடங்கும். அவர் நல்லவராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வாட்ஸ்ஆப் கதை தனி. 120 நாள் இணையத்தோடு தொடர்பே இல்லாமல் கிடக்கும் கணக்கை அந்த நிறுவனம் பொதுவாக நீக்கிவிடுகிறது. போனுக்குள் சேமித்த உரையாடல்கள் ஆப்பை அழிக்காத வரை அங்கேயே இருக்கும். ஆனால் அதைத் திறக்க அதே எண்ணில் மறுபடி பதிவு செய்ய வேண்டும், அதற்கு அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். எண் கை மாறியிருந்தால் முடிந்தது. குரல் உள்ளே இருக்கும், நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

ஆகவே துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்துகொண்டிருக்கும்போதே அந்த நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் நினைக்கட்டும். இறப்புச் சான்றிதழ் வந்ததும் அதையும் உறவுமுறைக்கான சான்றையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் கடைக்குப் போய் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதற்கு வழி இருக்கிறது. கவுன்ட்டரில் 'முடியாது' என்றால் மேலாளரைக் கேளுங்கள்.

போன் லாக்கைப் பற்றி. எங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் வரவில்லை, அதற்குக் காரணம் அவள்தான். கடைசி ஆண்டில் ஒரு நாள், பழைய பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது புள்ளி வைத்து, பேட்டர்னைக் கோடு போட்டு, தொடக்கப் புள்ளியில் வட்டமிட்டு, அம்புக்குறியும் போட்டு வைத்தாள். அருகில் ஜிமெயில் பாஸ்வேர்டு. "பிள்ளைங்க கணக்கெல்லாம் இதுல இருக்கு, பத்திரம்" என்றாள். பேட்டர்ன் தெரியாத வீடுகளில் என்ன நடக்கிறது? மூன்று தடவை தப்பாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். "எடுத்துடலாம் சார்" என்று கடைக்காரர் வாங்கி, பத்து நிமிடத்தில் திறந்து கொடுக்கிறார். புது போன் மாதிரி இருக்கும். ரீசெட் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. துடைத்த பிறகு எந்த ஊர் நிபுணராலும் மீட்க முடியாது. காசு கொடுத்து நாமே அழித்துக்கொள்கிறோம்.

நீண்ட நோய் கொடுமைதான். ஆனாலும் திடீர் மரணம் தராத அவகாசத்தை அது தருகிறது. கட்டிலருகில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்: போன் பூட்டு என்ன, எந்தக் கணக்கில் யார் நாமினி, எந்த மெயில். கேட்க நா எழாது, தெரியும். டீச்சர் மாதிரி தானே எழுதி வைக்கும் ஆட்கள் குறைவு, நீங்கள்தான் கேட்க வேண்டும். கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற வசதி இருக்கிறது. குறிப்பிட்ட காலம் கணக்கு அசையாமல் இருந்தால் தரவு யாருக்குப் போக வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். செய்யாவிட்டால், இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கைப் படங்களோடும் மெயிலோடும் நீக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் தங்கள் காலத்துக்குப் பிறகு கணக்கைத் திறக்க வேண்டியவரைச் சேர்த்து வைக்கலாம்.

பிறகு பிரதி. மகள் உட்கார்ந்து ஒவ்வொரு உரையாடலாக 'எக்ஸ்போர்ட் சாட்' போட்டு, வாய்ஸ் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எடுத்தாள். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று அவள் வீட்டில். எந்தக் கோப்பில் எந்தப் பாடம் என்று கேட்டுக் கேட்டு நான் எழுதி வருகிறேன். முக்கோணவியலில் இருக்கிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, நடுவில் நிறுத்த வேண்டி வருகிறது.

இந்தக் குரலை யூடியூபில் போடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். இப்போதைக்கு மாட்டேன். சில நொடிக் குரல் கிடைத்தால் போதும், அதே குரலில் எதையும் பேசவைக்கிற காலம் இது. 'இறந்தவர் படத்துக்கு உயிர் கொடுக்கிறோம், குரலையும் ஏற்றுங்கள்' என்று அழைக்கும் ஆப்களில் யாரையும் ஏற்றாதீர்கள். ஏக்கம் புரிகிறது. ஆனால் ஏற்றிய முகமும் குரலும் எங்கே போகும் என்று உங்களுக்கு யாரும் கணக்குக் காட்டப் போவதில்லை. முகநூல் பக்கம் இருந்தால், இறப்புச் சான்றைக் காட்டி அதை நினைவுப் பக்கமாக மாற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு அதற்குள் யாரும் நுழைய முடியாது. வங்கியிலும் உடனே தெரிவித்துவிடுங்கள். பின் நம்பர் தெரியும் என்பதற்காக இறந்தவரின் ஏடிஎம் கார்டில் பணம் எடுக்காதீர்கள். இறந்த பிறகு வரவான ஓய்வூதியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். நாமினி பதிந்திருந்தால், ஆவணங்கள் கொடுத்த 15 நாட்களுக்குள் வங்கி தீர்த்துவைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

கடைசியாக, கணக்கு டீச்சரிடம் படித்தவர்களுக்கு. அவர் பெயரில் அறக்கட்டளை, உதவித்தொகை, சிலை, ஆபரேஷன் என்று யார் எந்த எண்ணிலிருந்து பணம் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நாங்கள் எதையும் தொடங்கவில்லை. உங்கள் பழைய போனை விற்பதற்கு முன் ஒரு தடவை அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றாவது இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். என் நம்பர் மாறவில்லை, அவர் நம்பரும் மாறவில்லை.