முதலில் குழி, கடைசியில் செடி

திருமலையில் ராமானுஜரின் சீடர் அனந்தாழ்வான் போட்ட நந்தவனத்தைப் பற்றி வைணவ மரபில் ஒரு கதை உண்டு. வேங்கடவனுக்குப் பூமாலை கட்டுவதற்காக மலைமேல் குடியேறியவர், பூச்செடியைத் தேடுமுன் கடப்பாரையை எடுத்தார். செடிக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த மனைவி மண் சுமந்தார். உதவிக்கு வந்த சிறுவன்மேல் அந்தக் கடப்பாரையை அவர் எறிந்ததும், சிறுவனாக வந்திருந்த பெருமாளின் மோவாயில் கருவறையில் ரத்தம் கசிந்ததும், இன்றும் அந்த இடத்தில் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுவதும் பலர் அறிந்தவை. கடப்பாரையைக் கோயிலின் மகாத்துவாரத்தில் இப்போதும் பார்க்கலாம். கதையின் பின்பாதி பக்தர்களுக்கு. முன்பாதி வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு.

மலைக்குக் கீழே திருப்பதியும் சித்தூரும் நாலா பக்கமும் விரிந்துகொண்டிருக்கின்றன. வீட்டுக் கடன் போக மீந்த பணத்தில் தோட்டம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் புல்வெளி, அடுத்து கோதாவரிக் கரையின் கடியம் நாற்றுப் பண்ணைகளிலிருந்து லாரியில் வந்திறங்கும் ஆளுயரச் செடிகள், அதற்கும் பிறகு உரம், கடைசியில் தண்ணீர்க் கவலை. முதல் சித்திரை முடிவதற்குள் பாதிச் செடி காய்ந்துவிடும். செலவில் பாதியும் அதோடு போகும்.

குறைந்த செலவில் நல்ல தோட்டம் அமைய வேலையின் வரிசையை மாற்றினாலே போதும். நீர், மண், நிழல், செடி என்பதே அந்த வரிசை. முதல் மூன்றுக்கும் உடலுழைப்பு நிறைய வேண்டும், பணம் கொஞ்சம்தான். அவை சரியாக அமைந்தால் நான்காவதற்கும் பணம் அதிகம் தேவைப்படாது.

கூரையில் விழும் 40,000 லிட்டர்

மூன்று சென்ட் மனையில் 600 சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சுற்றி மிஞ்சுவது சுமார் 700 சதுர அடி. பழைய சித்தூர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமும் இங்கே பங்கு தருகின்றன. கடலை நெருங்க நெருங்க ஐப்பசி, கார்த்திகை மழையின் பங்கு கூடும். 600 சதுர அடிக் கூரை என்பது 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக நூற்றுக்கு எண்பது பங்கு கிடைத்தாலும் ஆண்டுக்கு 40,000 லிட்டர் அந்தக் கூரையிலிருந்து வழிகிறது.

இவ்வளவையும் தொட்டியில் பிடிக்க வேண்டியதில்லை. மிக மலிவான தொட்டி மண்தான். மனையின் தாழ்ந்த மூலையில், அஸ்திவாரத்தை விட்டு இயன்றவரை தள்ளி, பத்தடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி எடுங்கள். அதன் கொள்ளளவு சுமார் 850 லிட்டர். 15 மில்லிமீட்டர் மழை ஒன்று இந்தக் கூரையிலிருந்து தரும் நீர் முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். குழியில் தேங்காய் மட்டையும் காய்ந்த சருகும் நிரப்பி, ஓரத்தில் இரண்டு வாழைக்கன்று வைத்தால் தண்ணீர் உறிஞ்சும் குழியே எருக்குழியாகவும் ஆகிவிடும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடியதைக் கண்டவர்களுக்கு ஒன்று தெரியும்: இங்கே மழை வரும்போது கொட்டித் தீர்க்கும், பிறகு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. அதனால் ஓடுகிற நீரை நிற்க வைப்பதே இங்கே தோட்டக்கலையின் முதல் பாடம்.

துணி துவைத்த தண்ணீரையும் தோட்டத்துக்கு விடலாம், ஒரு நிபந்தனையோடு. சலவைத் தூளில் சோடியம் அதிகம். அது களிமண் துகள்களின் பிணைப்பைக் கலைத்துவிடும். கலைந்த துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ள, மேல் மண் ஓடு கட்டும். ஆகவே கடைசியாக அலசிய நீரை மட்டும் விடுங்கள். அதையும் ஒரே இடத்தில் ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். வாழையும் கல்வாழையும் இந்த நீரைத் தாங்கும். கீரைப் பாத்திக்கு இது ஆகாது.

இரும்பால் சிவந்த மண்ணில் இரும்புப் பஞ்சம்

இந்தப் பக்கத்துச் செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடு தந்தது. மணல் கலந்த மண் என்பதால் நீர் விரைவில் இறங்கும், விரைவில் காய்ந்தும் போகும். மக்கு குறைவு. இதில் ஆச்சரியம் என்னவென்றால், புது வீட்டைச் சுற்றி வைத்த செம்பருத்தியிலும் இட்லிப் பூச்செடியிலும் இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இது இரும்புச் சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளிவிட்டன. கார அமில அளவு எட்டைத் தாண்டினால் இரும்பு கரையாமல் நிற்கும், வேருக்கு எட்டாது. நுண்ணூட்டப் புட்டிகளுக்குக் காசு கொடுப்பதைவிடச் செடி வைக்கும் இடத்தில் ஓரடி ஆழத்துக்குக் கட்டட இடிபாட்டைப் பொறுக்கி எடுத்துவிடுவது மேல். அந்தச் செங்கல் துண்டுகள் பாத்தி ஓரத்துக்கு உதவும்.

மண்ணுக்கு உயிரூட்டும் மலிவான வழியை ஆந்திர விவசாயிகளிடமே கற்கலாம். 2016-ல் தொடங்கிய ஆந்திரச் சமூக இயற்கை வேளாண் திட்டம், உலக அளவில் பேசப்படும் குல்பென்கியான் பரிசை 2024-ல் பகிர்ந்துகொண்டது. மாநில அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தா நடத்தும் இந்தத் திட்டத்தின் முக்கியமான உத்திகளில் ஒன்று, பருவமழைக்கு முன்பே பலவகைத் தானியங்களைக் கலந்து காய்ந்த நிலத்தில் விதைப்பது. வெற்றுத் தரையாக நிலம் கிடக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

வீட்டு மனையிலும் இதைச் செய்யலாம். கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு, எள், கம்பு ஆகியவற்றை மளிகைக் கடையில் உடைக்காததாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாம் சேர்த்து ஒரு பூந்தொட்டியின் விலைக்குள் முடியும். சாணக் கரைசலில் புரட்டிச் சாம்பலில் உலர்த்தி, ஆனியிலோ ஆடியிலோ தூவுங்கள். பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும். கம்பின் சல்லி வேர்கள் மண்ணைப் பொலபொலப்பாக்கும். ஆறேழு வாரத்தில் பூவெடுக்கும் சமயம் எல்லாவற்றையும் அறுத்து அதே இடத்தில் படுக்கப் போடுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம். அது மக்கிய தடத்தில் நீர் இறங்கும்.

அதன்மேல் மூடாக்கு. சித்தூர்ப் பக்கம் கரும்புச் சோகைக்கும் வேர்க்கடலைத் தோலுக்கும் பஞ்சமில்லை. மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் வெயில் நேராகத் தரையைத் தொடாது, ஈரம் ஆவியாவது குறையும், களையும் குறையும். இரண்டு எச்சரிக்கை மட்டும். கடலைத் தோலை மண்ணோடு கலந்து கொத்தக் கூடாது. கரிமம் மிகுந்த அதைச் சிதைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். மேலே கிடந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அடுத்தது கரையான். தண்டிலிருந்து ஒரு சாணும், சுவரிலிருந்து இரண்டடியும் விட்டே மூடாக்குப் போடுங்கள்.

எந்தப் பக்கம் நிழல்?

திருப்பதி வடக்கே சுமார் 13.6 பாகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். மீண்டும் ஆகஸ்ட் நடுவில் வரும். இடைப்பட்ட கோடையில் உச்சி வெயிலைக் கூரை ஏற்கிறது. பிற்பகல் வெயிலை ஏற்பது மேற்குச் சுவர். அந்தச் சூடு இரவில் அறைக்குள் இறங்கும். எனவே ஒரே ஒரு மரம் வைக்கத்தான் இடம் இருக்கிறது என்றால் அது மேற்கில் நிற்கட்டும். இடமே இல்லாவிட்டால் கம்பி கட்டிச் சங்குப்பூவோ கோவைக்கொடியோ ஏற்றலாம்.

மரம் வெயிலை மறைப்பதோடு நிற்பதில்லை. ஒரு லிட்டர் நீர் இலை வழியே ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். ஆக, ஒன்றரை லிட்டர் நீரை மரம் ஆவியாக்கினால் ஒரு யூனிட்டுக்குச் சமமான வெப்பம் விலகுகிறது. மின்கட்டணம் கட்டுகிறவர்கள் மீதிக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

எந்த மரம்? வேம்பும் புங்கையும் எப்போதும் கைவிடாதவை, ஆனால் அகன்று வளரும். சிறிய மனைக்குச் சரக்கொன்றை, வெப்பாலை, முருங்கை, சீத்தா போதும். சீத்தா ராயலசீமைக் குன்றுகளில் யாரும் நீர் ஊற்றாமலே வளர்வது. கொலுவில் மரப்பாச்சியாக நிற்கும் செஞ்சந்தனமும் இந்த சேஷாசல மலைத்தொடரின் பிள்ளைதான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. கோடையில் இலை உதிர்த்து நீர்ச் செலவைக் குறைக்கும் தந்திரம் அதற்குத் தெரியும். வீட்டில் வளர்க்கலாம், ஆனால் வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. விரைவாக வளர்கிறதே என்று கோனோகார்ப்பஸ் பக்கம் போகாதீர்கள். குஜராத் 2023-லும் தமிழ்நாடு 2025-லும் அதற்குத் தடை விதித்துவிட்டன.

செடிக்குக் காசு எதற்கு?

இப்போதுதான் செடியின் முறை வருகிறது. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, காகிதப்பூ, முருங்கை எல்லாம் குச்சியிலிருந்தே வளரும். குச்சியின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, வெட்டிய இடத்தில் சேர்கிறது. அங்கே கணுவை ஒட்டியிருக்கும் செல்கள் வேராக மாறுகின்றன. அதனால்தான் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும், குச்சியைத் தலைகீழாக நடக் கூடாது. இலையில் பெரும்பகுதியைக் கிள்ளிவிட்டு நிழலில் வைத்தால் வேர் வரும்வரை குச்சி வாடாது. மல்லிகைக்குப் பதியம் போட வேண்டும். கறிவேப்பிலைக்கு அடுத்த வீட்டு மரத்தடியில் முளைத்த பக்கக் கன்று போதும். துளுக்கச் சாமந்தியைப் பழைய மாலையிலிருந்து உதிர்த்தே விதைக்கலாம். அதன் வேரில் சுரக்கும் வேதிப்பொருள் நூற்புழுக்களை ஒடுக்கும் என்பதால் தக்காளி, கத்தரிப் பாத்தி ஓரத்தில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

விலை கொடுத்து வாங்கும் கன்று சிறியதாகவே இருக்கட்டும். ஆளுயரச் செடியின் வேர் பைக்குள் சுருண்டு கிடக்கும். தழைக்கு ஏற்ற நீரை அந்த வேரால் தர முடியாது. கோதாவரியின் ஈரக்காற்றில் வளர்ந்த செடிக்குச் சித்தூரின் வறண்ட காற்றும் புதிது. முழங்கால் உயரக் கன்றில் வேரும் தழையும் அளவொத்து இருக்கும். அது மண்ணில் காலூன்றி, சில ஆண்டுகளில் பெரிய கன்றை எட்டிப் பிடித்துவிடும். வனத்துறை நாற்றங்கால்களில் இத்தகைய கன்றுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

புல்வெளிக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 400 சதுர அடிப் புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஊற்றினால் 185 லிட்டர். நம் நாட்டில் நகரவாசி ஒருவருக்கு ஒரு நாளைக்கென வகுத்த அளவே 135 லிட்டர்தான். பிள்ளைகள் ஓடியாட ஓரிடம் வேண்டுமானால் அருகம்புல்லை விடுங்கள். கோடையில் பழுப்பேறும், முதல் மழையில் பச்சை கட்டும். நடைபாதைக்குச் சித்தூர், குப்பம் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கும் ஓரத் துண்டுகள் போதும். சிமெண்ட் பூசாமல் மணல்மேல் பதித்தால் இடுக்கு வழியே மழை இறங்கும். வெயிலில் கல் கொதிக்கும் என்பதால் மர நிழல் விழும் பக்கமாகப் பாதையைத் திருப்புங்கள்.

இந்த வரிசை பெரிய நிலத்திலும் பலித்திருக்கிறது. பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலி பள்ளியைச் சுற்றியிருந்தது வறண்ட பள்ளத்தாக்கு. மழைநீரைத் தேக்கி, மரம் நட்டுப் பல பத்தாண்டுகள் உழைத்த பின், 1991-ல் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஏழைத் தோட்டத்துக்கும் பணக்காரத் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் காலம்தான். காசு உள்ளவர் காலத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார். செம்மண் அதற்கு எளிதில் இணங்குவதில்லை.

ஆகவே முதல் ஆண்டுக்குத் திட்டம் இதுதான். கோடையில் இடிபாட்டை அகற்றிக் குழி எடுங்கள். ஆனியிலோ ஆடியிலோ தானியம் தூவுங்கள். புரட்டாசிக்குள் அறுத்து மூடாக்குப் போடுங்கள். ஐப்பசி மழையோடு மேற்கில் மரக்கன்றையும் மற்ற இடத்தில் குச்சிகளையும் நடுங்கள். கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறதென்றால் முதலில் மண்வெட்டியும் கடப்பாரையும் வாங்குங்கள். மீந்த காசுக்கு விதை வாங்கலாம்.