அகலக் கோண லென்ஸ்: எத்தனை மில்லிமீட்டர் நமக்குப் போதும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு கேமரா லென்ஸ். பேச்சைத் தொடங்கும் முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு கிள்ளானில் ஒரு திருமணம். மேடையில் சுமார் 6 மீட்டர் அகலத்துக்கு உறவினர்கள் நின்றார்கள். வலது ஓரத்தில் சக்கர நாற்காலியில் பாட்டி. பின்னால் நகர வேண்டுமானால் முன்வரிசை நாற்காலிகளை எடுக்கச் சொல்ல வேண்டும். எனக்குச் சோம்பல். கையிலிருந்த 16 மில்லிமீட்டர் லென்ஸால் நின்ற இடத்திலிருந்தே எடுத்துவிட்டேன். எல்லாரும் படத்துக்குள் வந்தார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான்.

எட்டு மாதம் கழித்து அந்த வீட்டுப் பேத்தி என்னைத் தேடி வந்தார். பாட்டி தவறிவிட்டார். கண்ணீர் அஞ்சலிக்குப் படம் வேண்டும். பாட்டி கடைசியாக எடுத்துக்கொண்ட படம் அதுதான். பெரிதாக்கிப் பார்த்தால், முகம் பக்கவாட்டில் இழுபட்டு வேறு யாரோ போல இருந்தது. கணினியில் ஓரளவு சரிசெய்தோம். ஆனாலும் வீட்டார் எதிர்பார்த்த முகம் அதில் வரவில்லை.

இதில் லென்ஸின் மேல் குற்றமில்லை. அதன் இயல்பு தெரியாமல் எடுத்த என் மேல்தான் குற்றம். நீங்கள் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இயல்பைத்தான்.

முகம் ஏன் இழுபடுகிறது?

ஃபுல் ஃபிரேம் கேமராவின் உணரி 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. பழைய பிலிம் கட்டத்தின் அதே அளவு. லென்ஸின் மில்லிமீட்டர் எண் குறையக் குறைய, அது பார்க்கும் கோணம் விரிகிறது. 35 மில்லிமீட்டர் பக்கவாட்டில் சுமார் 54 பாகை பார்க்கும். 24 என்றால் 74 பாகை, 16 என்றால் 97 பாகை.

இவ்வளவு அகலமான காட்சியைத் தட்டையான உணரியில் நேர்கோடு வளையாமல் விரிக்கும்போது ஓரங்கள் இழுபட்டே தீரும். உருண்டையான ஒரு தலை படத்தின் இடது அல்லது வலது விளிம்பில் இருந்தால், 35 மில்லிமீட்டரில் அதன் அகலம் உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.12 மடங்காகத் தெரியும். 24-இல் 1.25 மடங்கு. 16-இல் 1.5 மடங்கு. இது கணக்கு. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே வீட்டு விசேஷங்களில் மூன்று பழக்கங்கள் வேண்டும். வயதானவர்களையும் குழந்தைகளையும் நடுவில் வையுங்கள். ஓரத்தில் யாருக்கும் முகம் வராதபடி கொஞ்சம் இடம் விடுங்கள். பின்னால் நகர வழியிருந்தால் நகருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள். நீங்கள் நிற்கும் தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால், படத்தில் விழும் அகலம் கிடைக்கும். அந்தக் கிள்ளான் மேடைக்கு 35 மில்லிமீட்டர் என்றால் நான் 5.8 மீட்டர் தள்ளி நின்றிருக்க வேண்டும். 24 என்றால் 4 மீட்டர். 16 என்றால் 2.7 மீட்டர். இரண்டு வரிசை நாற்காலிகளை நகர்த்தியிருந்தால் 24 போதுமானதாக இருந்திருக்கும்.

நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கும் மண்டபத்தையும் வீட்டுக் கூடத்தையும் காலடியால் அளந்து பாருங்கள். எந்த லென்ஸ் தேவை என்பதை அந்த அளவே சொல்லிவிடும்.

பத்துமலையும் பிரிக்பீல்ட்ஸும்

“முருகன் சிலை முழுவதும் வர வேண்டும், அதற்கு எது நல்லது?” என்று அரங்கில் ஒரு தம்பி கேட்டார். 2006-இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையின் உயரம் 42.7 மீட்டர். கிட்ட நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் சிலை பின்னால் சாய்வதுபோல் வரும். கேமராவை நிமிர்த்தி நேராகப் பிடித்தால் சாயாது. ஆனால் படத்தின் கீழ்ப்பாதி தரைக்கே போய்விடும். செங்குத்தாகப் பிடித்து எடுத்தால், 24 மில்லிமீட்டருக்குச் சுமார் 55 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 16-க்கு 37 மீட்டர் போதும். சிலைக்கு முன்னால் இடம் தாராளம். ஆகவே அதிகாலையில், கூட்டம் வருவதற்கு முன் போய்ப் பின்னால் நடந்தால், 24 வைத்திருப்பவரும் எடுக்கலாம்.

272 படிகளையும் ஏறி மேல்குகைக்குள் போனால் நிலைமை வேறு. அங்கே 16, 14 போன்ற எண்கள் உண்மையில் கைகொடுக்கும். பாறைக்கு முகம் கிடையாது, இழுபட்டாலும் யாருக்கும் வருத்தமில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடையும் ஐந்தடி நடைபாதையும் எடுக்க 24 அல்லது 28 போதும். அதைவிட அகலமாகப் போனால் கடைக்காரர் சிறுத்து, தரையும் கூரையும்தான் பெரிதாகத் தெரியும். தைப்பூசத்தில் காவடியைக் கிட்டே நின்று எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். கூடவே, கொஞ்சம் வழிவிட்டு நில்லுங்கள்.

மிரர்லெஸ்ஸில் என்ன லாபம்?

பழைய எஸ்எல்ஆர் கேமராவில் கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டும். அதனால் லென்ஸ் பூட்டும் வாய், கேனனில் 44 மில்லிமீட்டரும் நிக்கோனில் 46.5 மில்லிமீட்டரும் உணரிக்கு முன்னால் இருந்தது. 20 மில்லிமீட்டர் லென்ஸை அவ்வளவு தூரத்தில் வைத்துக் கூர்மையான படம் பெற, முன்பக்கம் பெரிய கண்ணாடிகளை அடுக்க வேண்டியிருந்தது. 1950-இல் பிரான்சின் ஆஞ்ஜெனியூ நிறுவனம் காட்டிய வழி அது.

மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை. தூரம் நிக்கோனில் 16, சோனியில் 18, கேனனில் 20 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. அதனால் அகல லென்ஸ்களைச் சிறிதாகச் செய்ய முடிகிறது. 2021-இல் வந்த கேனன் ஆர்எஃப் 16 எஃப்/2.8 வெறும் 165 கிராம். ஆனால் அதன் கோணலைக் கேமராவின் மென்பொருள்தான் நிமிர்த்துகிறது. விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதை வாங்குவது?

திருமணத் தொழில் செய்பவருக்கு 16-35 எஃப்/2.8 வகை ஜூம் வசதி. சோனியின் 2023 மாதிரி 547 கிராம், கேனனின் 15-35 அதன்மேல் 840 கிராம். நாள் முழுவதும் கழுத்தில் தொங்கப்போகும் எடை, யோசித்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கும் கோயிலுக்கும் கட்டடத்துக்கும் எஃப்/4 போதும். நிக்கோன் 14-30 எஃப்/4, 485 கிராம்தான். எஃப்/2.8-ஐவிடப் பாதி வெளிச்சமே உள்ளே வரும். அசையாத தூணுக்குக் கேமராவின் அதிர்வுத் தடுப்பு உதவும். ஆனால் தாலி கட்டும் கை அசையும், அதை அந்த வசதி நிறுத்தாது.

மங்கிய வெளிச்சத்தில் எடுப்பவருக்கு ஒற்றை எண் லென்ஸ் சிறந்தது. சோனி 20 எஃப்/1.8, எஃப்/2.8-ஐப் போல் சுமார் இரண்டரை மடங்கு வெளிச்சம் தரும். எடை 373 கிராம்.

பழைய லென்ஸ் வாங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சிறிய உணரிக்காகச் செய்த லென்ஸும் அதே வாயில் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் படத்தின் நடுப்பகுதி மட்டுமே கிடைக்கும், அகலம் போய்விடும். அடுத்தது பூஞ்சை. நம் நாட்டு ஈரக்காற்றில் அலமாரியில் கிடந்த லென்ஸுக்குள் நூல் நூலாகப் படரும். கைவிளக்கை லென்ஸின் பின்புறமிருந்து அடித்து, முன்புறம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாங்கியதை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள்.

இன்னும் மனம் முடிவுக்கு வரவில்லையா? ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, சொந்த வீட்டு விசேஷத்தில் பழகிப் பாருங்கள். எடுத்த படங்களில் ஓரத்தில் நிற்பவர் யார், அவர் அவராகவே தெரிகிறாரா என்று பாருங்கள்.

அந்தப் பேத்திக்கு நான் திருப்பித் தர ஒன்றுமில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் படம் பெரியவர்களைத் தனியாக, 50 மில்லிமீட்டரில் எடுக்கிறேன். அகலமான படம் அதற்குப் பிறகுதான்.